எதிர்கொள்ளல் பயிற்சியில் மூச்சுப் பயிற்சியை விட்டுவிடச் சொல்வது ஏன்?

படிக்கட்டு கேட்டது:

மூடிய இடங்களில், குறிப்பாக லிஃப்ட்டில், எனக்குப் பீதித் தாக்கு வருவதுண்டு. நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, கால்கள் தளர்ந்து, அடுத்த நொடியே மயங்கி விழப் போகிறேன் என்று தோன்றிவிடும். இதயத்திலும் நுரையீரலிலும் குறை ஏதும் இல்லை என்று மருத்துவர்கள் உறுதி செய்த பிறகு, உளவியலாளர் ஒருவரிடம் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைத் தொடங்கினேன். பயம் தரும் சூழல்களுக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் இட்டு வரிசைப்படுத்தி, குறைந்த மதிப்பெண் உள்ளதிலிருந்து ஒவ்வொன்றாக எதிர்கொண்டு வருகிறோம்.

இதுவரை லிஃப்ட்டுக்குள் நிற்கும்போது மூச்சை மெதுவாக எண்ணி எண்ணி விடுவேன். கைப்பேசியை இறுகப் பிடித்துக்கொள்வேன். கதவைத் திறக்கும் பொத்தானுக்கு அருகிலேயே நிற்பேன். இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக விட்டுவிட வேண்டும் என்று இப்போது சிகிச்சையாளர் சொல்கிறார். அவர்மீது எனக்கு நம்பிக்கை உண்டு. காரணம் தெளிவாகப் புரிந்தால் முழு மனத்தோடு செய்ய முடியும் என்பதால் இங்கே கேட்கிறேன். தளர்வுப் பயிற்சியோடு சேர்த்துப் பயத்தை எதிர்கொள்வதுதானே இந்தச் சிகிச்சையின் பழைய வடிவம்? அமைதி தரும் ஒன்றை எதற்காக விட வேண்டும்? மேலும், நான் வேலை செய்யும் கட்டடத்தின் லிஃப்ட்டில் பயம் ஏறக்குறைய நீங்கிவிட்டிருந்த நிலையில், வேறொரு கட்டடத்தில் ஏறியபோது அது பழைய வேகத்தோடே திரும்பி வந்தது. அப்படியானால் இதுவரை கற்றது அத்தனையும் வீணா?

கூர்நோக்கு எழுதியது:

நான் மருத்துவ உளவியல் துறையில் பணிபுரிகிறேன். உங்களை நேரில் பார்த்து வருபவரின் இடத்தில் நின்று முடிவு சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் இந்த முறை எந்தத் தர்க்கத்தில் நிற்கிறது என்பதை விளக்க முடியும்.

பழைய வடிவத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவனுக்கு, அவன் விரும்பி உண்ணும் நேரத்தில் முயலைச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்து பயத்தைப் போக்கினார். ஜோசப் வோல்பே 1958-இல் வெளியிட்ட நூலில் இதே கருத்தை ஒரு முழுச் சிகிச்சை முறையாக வளர்த்தார்: தசைகளைத் தளர்த்தக் கற்றுக்கொண்ட நோயாளி, அந்தத் தளர்வு நிலையிலேயே பயம் தரும் காட்சிகளைப் படிப்படியாகக் கற்பனை செய்ய வேண்டும். தளர்வும் அச்சமும் ஒரே நேரத்தில் ஓர் உடலில் தங்க முடியாது என்பது அவருடைய கொள்கை. பின்னர் ஆய்வாளர்கள் இச்சிகிச்சையின் கூறுகளைத் தனித்தனியே பிரித்துச் சோதித்தபோது, தளர்வுப் பயிற்சி இல்லாமலேயே பயம் குறைவது தெரியவந்தது. எதிர்கொள்ளலை நீக்கியபோதுதான் பலன் இல்லாமல் போனது. ஆகவே உங்கள் சிகிச்சையாளர் சொல்வது மரபை மீறிய ஒன்று அன்று. அந்த மரபு தன்னைத் தானே சோதித்துக்கொண்டு வந்து சேர்ந்த இடம்.

பயம் ஏன் நீடிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு முறை அச்சமூட்டிய இடம் பயத்தோடு இணைந்துவிடுவது முதற்கட்டம். அந்த இடத்தைத் தவிர்க்கும்போது உடனே கிடைக்கும் நிம்மதி, தவிர்க்கும் பழக்கத்தை வலுப்படுத்துவது இரண்டாம் கட்டம். 1947-இல் மௌரர் முன்வைத்த இந்த இருகாரணிக் கொள்கை பிற்காலத்தில் பல திருத்தங்களுக்கு உள்ளானபோதும், சிகிச்சை அறையில் இன்றும் பயன்படுகிறது. விரும்பத்தகாத ஒன்று நீங்குவதால் ஒரு செயல் வலுப்பெறுவதை எதிர்மறை வலுவூட்டல் என்பார்கள். லிஃப்ட்டை விட்டுப் படியேறிப் போவது வெளிப்படையான தவிர்த்தல். லிஃப்ட்டுக்குள்ளேயே நின்றுகொண்டு மூச்சை எண்ணுவதும், பொத்தானை விட்டு நகராமல் இருப்பதும் நுட்பமான தவிர்த்தல். 1990-களின் தொடக்கத்திலிருந்து இவற்றைப் பாதுகாப்பு நடத்தைகள் என்று அழைத்து வருகிறோம்.

இவற்றால் வரும் இழப்பு இதுதான்: 'மயங்கி விழுவேன்' என்ற கணிப்போடு நீங்கள் உள்ளே போகிறீர்கள், விழாமல் வெளியே வருகிறீர்கள். அந்தக் கணிப்பு பொய்த்துவிட்டது என்று மனம் கற்றுக்கொள்ள வேண்டிய தருணம் அது. ஆனால் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தீர்கள் என்றால், 'எண்ணியதால்தான் விழவில்லை' என்று மனம் கணக்கு எழுதிவிடுகிறது. கணிப்பு சோதிக்கப்படாமலேயே தப்பித்துவிடுகிறது. எத்தனை முறை ஏறி இறங்கினாலும் லிஃப்ட் ஆபத்தான இடமாகவே நீடிப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கேதான் பலர் மனமுடைந்து சிகிச்சையை விட்டுவிடுகிறார்கள். எதிர்கொள்ளல் பயிற்சி பழைய பயத்தை அழித்துவிடுவதில்லை. மணியோசைக்குப் பின் உணவு தருவதை நிறுத்தியதும் உமிழ்நீர் சுரப்பது படிப்படியாக நின்றுபோன நாய்களுக்கு, சிறிது இடைவெளி விட்டு மீண்டும் அதே ஓசையைக் கேட்கச் செய்தபோது உமிழ்நீர் மறுபடியும் சுரந்ததைப் பாவ்லவ் அன்றே பதிவு செய்திருக்கிறார். 'இந்த இடம் ஆபத்தானது' என்ற பழைய கற்றலுக்குப் பக்கத்தில் 'இந்த இடத்தில் எதுவும் நேர்வதில்லை' என்ற புதிய கற்றல் உருவாகிறது, இரண்டும் போட்டியிடுகின்றன. புதிய கற்றல், அது பெறப்பட்ட சூழலோடு இறுக்கமாகக் கட்டுண்டிருக்கும் என்பதை மார்க் பௌட்டனின் ஆய்வுகள் விரிவாகக் காட்டியுள்ளன. எனவே ஒரு கட்டடத்தில் பெற்ற துணிவு இன்னொரு கட்டடத்தில் உடனே கைகொடுக்காமல் போனது எதிர்பார்க்க வேண்டியதே. வெவ்வேறு கட்டடங்கள், வெவ்வேறு நேரங்கள், கூட்டமான லிஃப்ட், யாருமற்ற லிஃப்ட் என்று சூழல்களை மாற்றி மாற்றிப் பயில்வதே அதற்கு மாற்று. மிஷெல் கிராஸ்க் முதலானோர் வகுத்த இன்றைய எதிர்கொள்ளல் முறை, ஒரே ஏணியில் ஒழுங்காக ஏறுவதைவிட இந்தப் பன்மைக்கே கூடுதல் முக்கியத்துவம் தருகிறது.

சுழல்நீங்கி எழுதியது:

எனக்கு இருந்தது எண்ணச் சுழற்சி நோய். அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று திரும்பத் திரும்பச் சரிபார்ப்பது என் வாடிக்கை. எதிர்கொண்ட பிறகு சடங்கைச் செய்யாமல் இருத்தல் என்னும் முறையில்தான் மீண்டேன். 1966-இல் விக்டர் மேயர் இரண்டு நோயாளிகளைக் கொண்டு விவரித்த அணுகுமுறையிலிருந்து வளர்ந்தது அது என்று என் சிகிச்சையாளர் சொன்னார்.

உங்கள் அனுபவத்துக்கு உதவும் என்று நான் நினைப்பது ஒன்று. கையால் செய்யும் சரிபார்ப்பை நிறுத்தியது எனக்குக் கடினமாக இருந்தது என்றாலும், அது கண்ணுக்குத் தெரிந்த எதிரி. மனத்துக்குள் செய்ததைக் கண்டுபிடிக்கவே பல அமர்வுகள் தேவைப்பட்டன. பூட்டிய காட்சியை மனத்தில் ஓட்டிப் பார்ப்பேன். வீட்டில் இருப்பவர்களிடம் 'பூட்டினேன் அல்லவா?' என்று இயல்பாகக் கேட்பதுபோல் கேட்பேன். அவர்கள் அன்போடு 'ஆமாம், பூட்டினாய்' என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் நோய்க்கு உணவு கிடைத்துக்கொண்டிருந்தது. பிறகு சிகிச்சையாளர் அவர்களையும் ஓர் அமர்வுக்கு அழைத்து, அத்தகைய கேள்விக்குப் பதில் சொல்லாமல் உடனிருப்பது எப்படி என்று கற்றுக்கொடுத்தார். நீங்களும் கைப்பேசி, பொத்தான் போன்ற வெளிப்படையானவற்றோடு நிறுத்திவிடாமல், 'இன்னும் இரண்டு தளம்தான்' என்று உள்ளுக்குள் சொல்லிக்கொள்கிறீர்களா என்பதையும் கவனித்துப் பாருங்கள்.

படிக்கட்டு எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தளங்களை எண்ணுகிறேன் என்பதை இதைப் படித்த பிறகுதான் உணர்ந்தேன். ஆனால் ஓர் அச்சம் மிஞ்சி நிற்கிறது. பாதுகாப்பு நடத்தைகள் அனைத்தையும் விட்ட பிறகு உண்மையிலேயே மயங்கி விழுந்துவிட்டால் என்ன செய்வது?

கூர்நோக்கு எழுதியது:

கேட்டாக வேண்டிய கேள்வி இது. பொதுவான மயக்கம், இரத்த அழுத்தம் திடீரென்று தாழ்ந்து மூளைக்குப் போகும் இரத்தம் குறைவதால் ஏற்படுகிறது. பீதியின்போது நடப்பது இதற்கு எதிரானது: இதயம் வேகமாகத் துடிக்கிறது, இரத்த அழுத்தம் பெரும்பாலும் கூடுகிறது. தலை லேசாவது போன்ற உணர்வு, தேவைக்கு மேல் வேகமாக மூச்சு விடுவதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைவதன் விளைவு. அது சங்கடம் தருமே தவிர, பீதித் தாக்கில் மயங்கி விழுவது அரிது. இத்தகைய இயல்பான உடல் உணர்வுகளைப் பேரழிவின் அறிகுறியாகத் தவறாகப் பொருள்கொள்வதே பீதித் தாக்கின் மையம் என்று டேவிட் கிளார்க் 1986-இல் விளக்கினார். தவறாகப் பொருள்கொள்வதால் பயம் கூடும். பயத்தால் உடல் உணர்வுகள் கூடும். அவை மீண்டும் பொருள்கொள்ளலுக்கு உரமாகும்.

அதனால்தான் லிஃப்ட்டை எதிர்கொள்வதோடு, அந்த உடல் உணர்வுகளையே எதிர்கொள்ளும் பயிற்சியும் உண்டு. சுழல் நாற்காலியில் சுற்றுவது, இருந்த இடத்திலேயே ஓடுவது, மெல்லிய உறிஞ்சுகுழல் வழியே மூச்சு விடுவது ஆகியவற்றால் படபடப்பையும் தலைசுற்றலையும் வேண்டுமென்றே வரவழைத்து, அதன் பிறகு என்ன நேர்கிறது என்று பார்ப்பார்கள். இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் முதலியவை இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடக்கூடாது. நீங்கள் உடற்பரிசோதனை முடித்திருந்தாலும், சிகிச்சையாளரின் துணையின்றித் தொடங்க வேண்டாம் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. இரத்தம், ஊசி, காயம் ஆகியவற்றைக் கண்டு அஞ்சுவோரில் பலருக்கு முதலில் ஏறும் இரத்த அழுத்தம் பிறகு சட்டென்று சரிந்து உண்மையான மயக்கம் வரும். லார்ஸ்-யோரன் ஓஸ்ட் வகுத்த தசையிறுக்கப் பயிற்சி அவர்களுக்கானது: கை, கால், உடற்பகுதித் தசைகளைப் பத்துப் பதினைந்து நொடிகள் இறுக்கி, முகத்தில் வெப்பம் ஏறுவதை உணர்ந்ததும் இயல்பு நிலைக்கு விட வேண்டும். அவர்களிடம் போய் உடலைத் தளர்த்துங்கள் என்று சொன்னால் மயக்கத்தை விரைவுபடுத்துவதாக முடியலாம். ஒரே 'பயம்' என்ற பெயரின் கீழ் வரும் இரண்டு நிலைகளுக்கு எதிரெதிரான பயிற்சிகள் தேவைப்படுவதால்தான், முறையான மதிப்பீடு இல்லாமல் இணையத்தில் படித்ததைச் செய்து பார்ப்பதை நான் ஊக்குவிப்பதில்லை.

இளவேனில் எழுதியது:

உளவியல் ஆய்வு மாணவி நான். கூர்நோக்கு ஐயா சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஓரிடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். பாதுகாப்பு நடத்தைகள் அனைத்தும் எப்போதும் கேடு என்ற முடிவுக்குச் சான்றுகள் அவ்வளவு உறுதியாக இல்லை. 2008-இல் ராக்மன், ராடோம்ஸ்கி, ஷாஃப்ரன் மூவரும், சிகிச்சையின் தொடக்கத்தில் அளவோடு அனுமதிக்கப்படும் பாதுகாப்பு நடத்தைகள் நோயாளியைப் பயிற்சிக்குள் வரவழைக்க உதவக்கூடும் என்று வாதிட்டார்கள். லிஃப்ட்டின் அருகே வரவே மறுக்கும் ஒருவரிடம் முதல் நாளிலேயே எல்லாவற்றையும் பறித்துக்கொண்டால் அவர் மறுவாரம் வரமாட்டார். படிக்கட்டு அவர்களின் சிகிச்சையாளர் முதலில் அனுமதித்து, இப்போது ஒவ்வொன்றாக விலக்கச் சொல்வது இந்த வகையில் பொருத்தமாகவே படுகிறது.

எண்ணங்களை ஆராய்வதன் இடத்தைப் பற்றியும் ஒரு சொல். உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்ற ஆரோன் பெக், மனச்சோர்வு என்பது உள்நோக்கித் திரும்பிய கோபம் என்ற கருத்தைச் சோதிக்க நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்தபோது, கோபத்துக்கு மாறாக இழப்பும் தோல்வியுமே அவற்றில் நிறைந்திருக்கக் கண்டார். நோயாளிகளின் தானியங்கி எண்ணங்களை, அதாவது மனத்தில் தாமாகவே சட்டென்று எழும் எண்ணங்களை, சான்றுகளோடு ஒப்பிட்டு ஆராயும் முறை 1960-களில் இப்படித்தான் உருவெடுத்தது. ஆனால் 1996-இல் நீல் ஜேக்கப்சன் குழு மனச்சோர்வுக்கான இச்சிகிச்சையைக் கூறுகளாகப் பிரித்துப் பார்த்தபோது, அன்றாடச் செயல்களை மீட்டெடுக்கும் பகுதி மட்டுமே பெற்றவர்களும் முழுச் சிகிச்சை பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் முன்னேறியிருந்தார்கள். எண்ணங்களை ஆராய்வது பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. தாளில் எழுதி வாதிட்டு வென்ற எண்ணத்தைவிட, செயலில் சோதித்துப் பார்த்த எண்ணம் ஆழமாக மாறுகிறது என்றே நான் புரிந்துகொள்கிறேன். உங்கள் லிஃப்ட் பயிற்சியில் இரண்டு மரபுகளும் சந்திக்கின்றன: சோதிக்கப்படுவது ஓர் எண்ணம், சோதிக்கும் வழி ஒரு நடத்தை.

கூர்நோக்கு எழுதியது:

இளவேனிலின் திருத்தத்தை ஏற்கிறேன். அளவோடு என்பதோடு, விலக்கும் நாள் எது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வதையும் சேர்த்துக்கொண்டால் எங்கள் இருவருக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை.

படிக்கட்டு அவர்களே, ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்பு 'என்ன நேரும் என்று அஞ்சுகிறேன், அது நேரும் என்று எவ்வளவு சதவீதம் நம்புகிறேன்' என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். 'பயமாக இருக்கும்' என்று எழுதினால் அதைச் சோதிக்க முடியாது. 'ஐந்தாவது தளத்துக்குள் நினைவிழந்து தரையில் விழுவேன்' என்று எழுதினால் முடியும். இறங்கிய பிறகு, எழுதியது நேர்ந்ததா, எதைக் கண்டு வியந்தீர்கள் என்பதைக் குறியுங்கள். பயத்தின் மதிப்பெண் அந்த முறை குறைந்ததா என்பதை வெற்றிக்கு அளவுகோலாக வைக்க வேண்டாம். ஒரு பயிற்சி முழுவதும் 80-லேயே நின்றிருந்தாலும் கணிப்பு பொய்த்திருக்குமானால் கற்க வேண்டியதைக் கற்றிருக்கிறீர்கள். மூச்சுப் பயிற்சியை வாழ்க்கையிலிருந்தே விலக்க வேண்டியதில்லை. உறங்கப் போகும் முன்போ களைப்பான மாலையிலோ அதைத் தாராளமாகச் செய்யலாம். லிஃப்ட்டுக்குள் மட்டும் வேண்டாம்.