ஜிம்னாஸ்டிக்ஸ்ல மகளை மறுபடியும் லெவல் 3-லயே விட்டுட்டாங்களா?

தங்கச்சி, மகளை இந்த வருஷமும் லெவல் 4-க்கு ஏத்தலன்னு நீங்க எழுதினதுல ஊர் மார்த்தாண்டம்னு போட்டிருந்ததைப் பாத்ததும் பதில் எழுதாம இருக்க முடியல. நான் தக்கலைக்காரி. இதே சேதி எனக்கு வந்த அன்னைக்கு ஜிம் வாசல்ல காருக்குள்ள உக்காந்து அழுதேன். நம்ம ஊர்ல ஒரே கிளாஸ்ல ரெண்டு வருஷம் இருந்தா பிள்ளை தோத்துப்போச்சுன்னுதானே அர்த்தம். இங்க அப்படி இல்ல.

அமெரிக்காவில பெண்பிள்ளைகளுக்கு லெவல் 1 முதல் 10 வரை இருக்கு. அதுக்கும் மேல எலீட். 5 வரைக்கும் கம்பல்சரி. நாடு முழுக்க அந்த லெவல் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே ரொட்டீன், அதாவது வித்தைகளைச் செய்யிற வரிசை ஒண்ணுதான். ஃப்ளோருக்கு, அதாவது தரையில செய்யிறதுக்கு, ஒரே இசை. 6-ல இருந்து ஆப்ஷனல், ரொட்டீனும் இசையும் அவங்கவங்களுக்குன்னு தனியா அமைப்பாங்க. வால்ட் (ஓடிவந்து மேடையைத் தாண்டுறது), பார்ஸ் (கம்பி), பீம் (ஒடுக்கமான கட்டை), ஃப்ளோர்னு நாலுக்கும் பத்துப்பத்து, மொத்தம் 40. கீழ விழுந்தா அரைப் புள்ளி போகும். முட்டி மடங்கினாலும் குறைப்பாங்க.

3-ல இருந்து 4-க்குப் போறதுல பல பிள்ளைகளும் மாட்டுறது பார்ஸ்ல, கிப்ங்கிற ஒரே வித்தையில. கம்பியைப் பிடிச்சு முன்னால வீசிப் போகணும். உடம்பு நீண்டதும் கால்விரலைக் கம்பிகிட்ட கொண்டுவந்து, ஒரே இழுப்புல இடுப்பு கம்பி உயரத்துக்கு வர, கம்பியில கையை ஊன்றி உடம்பைத் தாங்கி நிக்கணும். கைப்பலம் மட்டும் போதாது, நேரம் பிசகினா வராது. என் மகளுக்கு 14 மாசம் ஆச்சு. கூடப் படிச்ச ஒரு பிள்ளைக்கு மூணே மாசம். அந்த 14 மாசத்துல நான் வீட்டுல அவளைக் கேட்டுக் கேட்டு நச்சரிச்சதுதான் இன்னைக்கும் எனக்கு வருத்தம். எங்க சித்தப்பா அடிமுறைங்கிற நம்ம ஊர்த் தற்காப்புக் கலை படிச்சவரு. சுவடு உறைக்காம, அதாவது காலடி வைக்கிற முறை நல்லாப் படியாம, ஆசான் கம்பைக் கையில தரமாட்டாரும்பாரு. அதை ஊர்ல நாம மரியாதையா ஏத்துக்கிட்டோம். இங்க கோச் அதையே செஞ்சா நமக்குப் பொறுக்கல.

கோச்சுகிட்ட "ஏன் ஏத்தல"ன்னு கேக்காதீங்க. "எந்த வித்தை இன்னும் உறைக்கணும்"னு கேளுங்க, தெளிவா சொல்லுவாங்க. லெவலை அவசரமா ஏத்துற ஜிம்மைப் பாத்துத்தான் நான் பயப்படுவேன். குதிகால் வலிக்குதுன்னு பிள்ளை சொன்னா சும்மா விட்டுடாதீங்க. வளர்ற வயசுல குதிச்சுக் குதிச்சு வர்ற வலியா இருக்கலாம், டாக்டர்கிட்ட காட்டணும்.

செலவை முதல்லயே எழுதி வாங்கிடுங்க. மாச ஃபீஸ் தவிர போட்டிக் கட்டணம், கோச் பயணச் செலவு, போட்டி லியோடார்ட் (உடம்போட ஒட்டின உடை) எல்லாம் தனித்தனியா வரும். வாரத்துல அத்தனை மணிநேரம் கட்டாதுன்னா எக்ஸெல்னு இன்னொரு வழி இருக்கு. பிரான்ஸ் (வெண்கலம்), சில்வர், கோல்டுன்னு மேல போகும். விதி கொஞ்சம் தளர்வு, ரொட்டீனும் ஆரம்பத்துல இருந்தே பிள்ளைக்குத் தக்கபடி அமைக்கலாம். அதைக் குறைச்சலா நினைக்காதீங்க. என் சின்னவ அதுலதான் இருக்கா, சிரிச்சிட்டே போய்ட்டு வாறா.

கோச் என்ன சொன்னாங்கன்னு கேட்டுட்டு இங்கயே எழுதுங்க. கிப்தான்னா, வீட்டுக் கதவுல மாட்டுற கம்பியில நாங்க செஞ்ச பயிற்சியைச் சொல்லித் தாறேன்.