அவசரம்: திமிங்கலப் பல், என்ன விலை போகும்?

கீழவாசல்காரன்:
வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறோம். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் வளைந்த பெரிய பல் ஒன்று கிடந்தது. தேன் நிறம், வழுவழுவென்று இருக்கிறது. தாத்தா நந்தியில் வாத்தியாராக இருந்தபோது யாரோ கொடுத்ததாம். திமிங்கலப் பல் என்கிறார் மாமா. நாளைக்கு மதுரை வியாபாரி ஒருவர் பார்க்க வருகிறார். எவ்வளவு கேட்கலாம்?

செங்கை_செல்வம்:
எந்த நந்தி? எங்கள் பக்கத்து நந்திவரமா? படம் எங்கே? நீளம், எடை?

ஆனைமலையான்:
படமே வேண்டாம், யானைத் தந்தத்தின் நுனி அது. வெட்டுமுகத்தைப் பாருங்கள், குறுக்கும் நெடுக்குமாக வலை மாதிரிக் கோடு ஓடும்.

சூடான_ஊசி:
பிளாஸ்டிக். ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்துங்கள், உருகிவிடும்.

பழம்பொருள்_பெரியவர்:
ஊசியைத் தூர எறியுங்கள். நிஜப் பல்லாக இருந்தால் வடு விழுந்து மதிப்புப் போய்விடும். இதை இங்கே எத்தனை தடவை எழுதுவது? தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கமே யாருக்கும் இல்லை. சரி, கேட்டவருக்கு: அடிப்பக்கம் கூம்பு போலக் குழிந்திருக்கிறதா? மேலே கப்பல், வேட்டைப் படகு என்று ஏதாவது கீறியிருக்கிறதா? இருந்தால் ஸ்க்ரிம்ஷா, திமிங்கில வேட்டைக் கப்பல் மாலுமிகளின் கைவேலை. அமெரிக்காவின் நான்டக்கெட் தீவைச் சேர்ந்த 'சூசன்' கப்பலில் ஃபிரெடரிக் மைரிக் என்ற மாலுமி 1828, 29இல் கீறிய பற்களுக்குத் தனி மவுசு. செயற்கைப் பிசினில் (ரெசின்) வார்த்த நகல்களும் ஏராளம்.

கீழவாசல்காரன்:
கீறல் இல்லை. 14 செ.மீ., 310 கிராம். இரண்டு முனையிலும் ஓட்டை. நந்தி என்றால் ஃபிஜி. சொல்லவில்லையா?

செங்கை_செல்வம்:
சொல்லவில்லை.

சுவா_மருமகள்:
அண்ணா, ஓட்டை என்றதுமே தெரிந்துவிட்டது, அது தம்புவா. ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் பல். ஆங்கில எழுத்தில் Tabua என்றுதான் இருக்கும், 'ம்' வாயில் வரும்; Nadi என்று எழுதி நந்தி என்பதும் அப்படித்தான். எண்ணெய் தேய்த்துப் புகை காட்டி மெருகேற்றுவார்கள், அதுதான் அந்தத் தேன் நிறம். பெண் கேட்க, மன்னிப்புக் கேட்க, சாவு வீட்டில், ஊரைவிட்டுப் போகிறவரை வழியனுப்ப, இரண்டு கையாலும் ஏந்திக் கொடுப்பார்கள். உங்கள் தாத்தாவை அந்த ஊர் மதித்திருக்கிறது. ஓட்டையில் தேங்காய் நார்க்கயிறு, மங்கிமங்கி என்பார்கள், இருந்திருக்குமே?

கீழவாசல்காரன்:
இருந்தது. கறுத்துப்போய் நாறுகிறது என்று தங்கை அறுத்துப் போட்டுவிட்டாள்.

சுவா_மருமகள்:
ஐயோ.

புலவர்_மாடசாமி:
ஒரு திருத்தம். திமிங்கலம் அல்ல, திமிங்கிலம். 'திமி' என்னும் பெருமீனை விழுங்குவது என்று பொருள், வடசொல்.

ஆனைமலையான்:
பேப்பரில் திமிங்கலம் என்றுதான் போடுகிறார்கள். கடற்கரையில் போய்க் 'கி' சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

புலவர்_மாடசாமி:
பேப்பர்தான் இலக்கணமா? திமிங்கிலத்தையே விழுங்கும் திமிங்கிலகிலம்கூட உண்டு.

சூடான_ஊசி:
அதன் பல் என்ன விலை ஐயா?

பழம்பொருள்_பெரியவர்:
பல்லுக்கு வாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சந்தனக்கட்டைக்காக ஃபிஜி வந்த கப்பல்காரர்கள் இந்தப் பற்களைத்தான் பண்டமாற்றாகக் கொடுத்தார்கள். யானைத் தந்தத்தைச் செதுக்கிப் போலி தம்புவா செய்ததும் உண்டு. அதனால் ஆனைமலையான் முழுக்கத் தப்பில்லை, அபூர்வமாக. கள்ளநோட்டு பார்க்கும் ஊதா டார்ச்சை இருட்டில் ஓட்டையின் உள்விளிம்பில் அடியுங்கள், எண்ணெய் ஏறிய மேல்பக்கத்தில் வேண்டாம். வெளிர்நீலமாகப் பளிச்சென்றால் பிசின் இல்லை. யானையா திமிங்கிலமா என்று சொல்ல அது போதாது. வலைக்கோடு இல்லாமல் வளையம் வளையமாக இருக்கிறதா என்று பாருங்கள். வேரடியைப் படம் எடுத்துப் போடுங்கள்.

காடும்_சட்டமும்:
விலை விலை என்கிறீர்கள். ஸ்பெர்ம் திமிங்கிலம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. யானையும் அதில்தான். விற்பது குற்றம். அம்பர்கிரிஸ், அதுதான் திமிங்கில எச்சம், விற்கப்போய் மாட்டுகிறவர்களைப் பேப்பரில் பார்ப்பதில்லையா? வியாபாரியை வரவிடாதீர்கள். முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள், அப்புறம் வனத்துறை.

கீழவாசல்காரன் (மூன்று நாள் கழித்து):
நீலமாகத்தான் தெரிகிறது. வியாபாரியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். வக்கீலிடம் கேட்டிருக்கிறோம். கயிறு பழைய பேப்பர் மூட்டையில் கிடைத்தது. நன்றி.

பழம்பொருள்_பெரியவர்:
வேரடிப் படம்?

புலவர்_மாடசாமி:
தலைப்பையாவது யாராவது திருத்துங்கள்.