எண்ணும் எழுத்தும், போன், முழங்கால்வலி: வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) கொடுத்துவிடலாமா?

உசிலம்பட்டி டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். உசிலம்பட்டி பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய மூன்று வகுப்பும் ஒரே அறையில் என்னிடம்தான். அறுபது முடிய இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது.

நான் பார்த்த மாற்றங்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். 2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் வந்தது. அட்டை, எந்த அட்டைக்குப் பின் எது என்று காட்டும் ஏணிப்படிப் படம், பாய். பிள்ளைகளோடு நாங்களும் கீழே உட்கார்ந்தோம், முழங்கால்வலி அப்போது ஆரம்பித்ததுதான். 2010-இல் சமச்சீர்க் கல்வி, 2012-இல் முப்பருவம், 2018-இல் கியூஆர் கோடு போட்ட புத்தகம், 2022-இல் சின்ன வகுப்புகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கிற எண்ணும் எழுத்தும் திட்டம். ஒவ்வொன்றுக்கும் வட்டார வள மையத்தில் பயிற்சி, கையில் ஒரு கையேடு, மதியம் சாம்பார் சாதம். முந்தின முறையில் என்ன நன்றாக இருந்தது என்று எந்தக் கருத்தாளரும் இதுவரை எங்களைக் கேட்டதில்லை.

முறையின் மேல் எனக்குக் கோபம் இல்லை. பிள்ளைகளைக் கற்ற அளவைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்ததில் நன்மைதான், அரும்புதான் முதல் படி. மூன்றாம் வகுப்பு என்பதற்காக எழுத்தே தெரியாத பையனிடம் மூன்றாம் வகுப்புப் பாடத்தை நீட்ட வேண்டியதில்லை. என் சங்கடம் போன். பிள்ளைகளின் மதிப்பீட்டை அதில் உள்ள செயலியில் ஏற்ற வேண்டும். எங்கள் பள்ளியில் சிக்னல் கிடைப்பது வேப்பமரத்தடியில் மட்டும்.

அப்பா அம்மா முறுக்கு வியாபாரத்துக்கு ஆந்திரா பக்கம் போய்விட, பாட்டியோடு இருக்கிற பையன் ஒருவன். மூன்றாம் வகுப்பு, ஆனால் அரும்பு. வருஷம் முழுக்க எழுத்தைக் கூட்டத் திணறியவன் போன மாதம் கதைப் புத்தகத்தில் ஒரு வரியை முழுசாக வாசித்திருக்கிறான். “டீச்சர், அவன் படிச்சுட்டான்” என்று இன்னொரு பிள்ளை ஓடிவந்து சொன்னபோது நான் மரத்தடியில் போனை உயர்த்திப் பிடித்து மதிப்பீட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே போய் மறுபடி வாசிக்கச் சொன்னேன். வாசித்தான். ஆனாலும் அந்த முதல் தடவை போய்விட்டதே. அன்று ராத்திரிதான் வி.ஆர்.எஸ். நினைப்பு வந்தது.

கொடுக்கலாமா? அதைவிட, இந்த வயதிலும் மாறிக்கொண்டே இருப்பதை நீங்கள் எல்லாம் எப்படித் தாங்குகிறீர்கள்?

மேலூர்க்காரர்

டீச்சர், விதியை மட்டும் சொல்கிறேன். ஐம்பது வயது அல்லது இருபது வருஷத் தகுதியான பணி இருந்தால் விருப்ப ஓய்வு கேட்கலாம், மூன்று மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். 2003 ஏப்ரல் 1-க்கு முன் பணியில் சேர்ந்திருந்தால் பழைய ஓய்வூதியம். கல்வியாண்டின் நடுவில் அறுபது முடிந்தால் ஆண்டு முடியும்வரை மறுநியமனம் உண்டு, அதையும் கணக்கில் வையுங்கள். பணிப்பதிவேட்டில் விடுப்புக் கணக்கு எல்லாம் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கோபத்தில் மனு எழுதாதீர்கள்.

நாகமலை ஓய்வு ஹெச்.எம்.

அம்மா, நான் ஓய்வு பெற்றுச் சில வருஷம் ஆகிறது. நீங்கள் சொன்ன பட்டியலில் பாதிக்கு மேல் நானும் பார்த்தவன். அதற்கு முன்னால் பெரியவர்களுக்கு எழுத்தறிவு தந்த அறிவொளி இயக்கத்தில் தொண்டராக இருந்தேன், 90-களின் தொடக்கத்தில். காட்டு வேலை முடித்துச் சோறாக்கிவிட்டுப் பெண்கள் ராத்திரி எட்டு மணிக்கு மேல் வருவார்கள். அவர்களுக்கு அ, ஆ வேண்டாம். கையெழுத்துத்தான் வேண்டும், ரேகை வைக்கிற அவமானம் போதும் என்பார்கள். சரி என்று அவரவர் பேரிலேயே ஆரம்பித்தோம். இயக்கம் முடிந்தது, ஆனால் அந்தப் பழக்கத்தை ஒன்றாம் வகுப்புக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஓய்வு பெறும்வரை என் வகுப்பில் முதல் எழுத்து பிள்ளையின் பேரில் இருக்கிற எழுத்துத்தான். எந்தச் சுற்றறிக்கையும் அதைச் செய்யச் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை.

செயல்வழிக் கற்றலின் அட்டைகள் என்ன ஆயின? எங்கள் பள்ளியில் பாதியைக் கரையான் தின்றது. ஆனால் அதோடு வந்த, பிள்ளைகளுக்கு எட்டும்படி சுவரின் அடியில் இருக்கிற கீழ்மட்டக் கரும்பலகை இருக்கிறதே, அதற்கு ஈடே கிடையாது. நோட்டில் எழுதிக் கொண்டுவந்தால் முடிந்த எழுத்தைத்தான் பார்க்கிறோம். ‘இ’ சரியாகத்தான் இருக்கும். அதே பிள்ளை சுவரில் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்: வாலிலிருந்து ஆரம்பித்துத் தலைக்குப் போகும், நடுவில் கையை எடுக்கும், அப்புறம் சுழியைத் தனியாக ஒட்டவைக்கும். அது ஏன் மெதுவாக எழுதுகிறது என்பது அப்போதுதான் புரியும். உங்கள் செயலியில் இதற்கு ஒரு கட்டம் கிடையாது, இருக்கவும் முடியாது.

அதனால் நான் சொல்வது இதுதான். வருகிற ஒவ்வொரு முறையிலிருந்தும் ஒன்றே ஒன்றை உருவி வைத்துக்கொள்ளுங்கள். மற்றதைக் கேட்கிறபடி செய்து கொடுத்துவிடுங்கள், சண்டை போடாதீர்கள். மாற்றம் முழுவதையும் மனசில் ஏற்றிக்கொண்டால் யாராலும் தாங்க முடியாது.

இன்னொன்று, இது அறிவுரை இல்லை, என் கதை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போகிறேன், வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்தைப் படிக்க. அந்த மலையின் பேச்சிப்பள்ளத்தில் சிற்பங்களுக்குக் கீழே ஆயிரம் வருஷத்துக்கு மேலான கல்வெட்டுகள் இருக்கின்றன. சமண முனிவர் அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று ஒன்று. குறண்டியில் இருந்த சமணப் பள்ளியைச் சேர்ந்த ஆசிரியர், அவருடைய மாணாக்கர் என்று பேர் வரிசை சில இடங்களில் வரும். எனக்குச் சொல்லிக்கொடுப்பது கல்லூரியில் படிக்கிற ஒரு பொண்ணு. வட்டெழுத்தில் ப, வ, ய எல்லாம் என் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கிறது. “தாத்தா, அவசரப்படாதீங்க, பக்கத்து எழுத்தைச் சேர்த்துப் பாருங்க” என்கிறாள். எத்தனை பிள்ளைகளிடம் இதையே நான் சொல்லியிருப்பேன், அவளைவிடச் சத்தமாக! இப்போது ராத்திரி நன்றாகத் தூக்கம் வருகிறது, அதற்கு மலை ஏறுவது காரணமா எழுத்து காரணமா தெரியாது.

வாடிப்பட்டி இளையவள்

அய்யா சொன்னதில் பாதிக்குத்தான் சம்மதம். கேட்கிறபடி செய்து கொடுத்துவிடுங்கள் என்று சொல்வது ஓய்வு பெற்றவருக்குச் சுலபம். கொடுத்துக்கொண்டே இருந்தால் இன்னும் கேட்பார்கள். வகுப்பு நேரத்தில் பதிவு கேட்காதீர்கள் என்று பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் நாங்கள் எழுந்து பேசினோம். பதில் ஒன்றும் வரவில்லை, ஆனால் யாரும் கடித்துவிடவில்லை. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மலை ஏற எனக்கு எங்கே நேரம்? வீட்டில் இரண்டு வாண்டுகள், துவைக்க ஒரு வாரத்துத் துணி. பழைய ஓய்வூதியம் இல்லாமல் பங்களிப்பு ஓய்வூதியத்தில் (சி.பி.எஸ்.) சேர்ந்தவள் வேறு, வி.ஆர்.எஸ். என்ற வார்த்தையையே உச்சரிக்க முடியாது.

டீச்சர், நான் செய்வது: பிள்ளை வாசிக்கும்போது தாளில் பென்சிலால் குறித்துக்கொள்கிறேன். போன் பைக்குள். சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது எல்லாவற்றையும் ஏற்றிவிடுவேன். வருகைப் பதிவை மட்டும் காலையிலேயே முடித்துவிடுங்கள், அதற்குத் தப்ப முடியாது. அந்தப் பையன் இனிமேல் நிறைய முதல் தடவை வாசிப்பான் டீச்சர். முதல் பக்கம், முதல் கதை, ஆந்திராவிலிருந்து அப்பா எழுதாவிட்டாலும் போனில் அனுப்புகிற முதல் செய்தி.

உசிலம்பட்டி டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. மேலூர் சார், பணிப்பதிவேட்டைப் பார்த்தேன், 2011-இல் எடுத்த ஒரு மருத்துவ விடுப்பு ஏறவே இல்லை. அதைச் சரிசெய்கிறவரைக்கும் மனு பேச்சு இல்லை. அதற்கே எப்படியும் வருஷம் போய்விடும்!

இளையவள், தாள் யோசனையை இந்த வாரம் செய்து பார்த்தேன். வேப்பமரத்தடிக்குப் போகவில்லை. சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் சிக்னல் இருந்தது, பஸ்தான் இல்லை.

அய்யா, உங்களிடம் ஒரு கேள்வி. கீழ்மட்டக் கரும்பலகை எங்களிடமும் இருந்தது. புதுக் கட்டடத்துக்கு மாறியபோது போயிற்று. இடுப்பு உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள், பார்க்க அழகு, சாக்பீஸ் பிடிக்காது. பிளைவுட் பலகை வாங்கி டைல்ஸ் மேல் சாய்த்து வைக்கலாமா? என்ன பூசுவது?

நாகமலை ஓய்வு ஹெச்.எம்.

தாராளமாக வைக்கலாம். ஹார்டுவேர் கடையில் கரும்பலகைப் பெயிண்ட் என்றே கேளுங்கள். பலகையை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு இரண்டு கோட்டிங், முதல் கோட்டிங் நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டாவது. காய்ந்ததும் உடனே எழுதவிடாதீர்கள். சாக்பீஸைப் படுக்கைவாட்டில் பிடித்துப் பலகை முழுக்கத் தேய்த்துத் துடைத்துவிட்டு அப்புறம் எழுதச் சொல்லுங்கள், இல்லையென்றால் முதலில் எழுதின எழுத்து நிழலாக ஒட்டிக்கொள்ளும். நாங்கள் பிள்ளைகளாக இருந்தபோது கோவை இலையும் அடுப்புக்கரியும் அரைத்துப் பூசுவோம், வெள்ளிக்கிழமை சாயங்கால வேலை அது. கை இரண்டு நாளைக்குக் கறுப்பாக இருக்கும். உங்கள் பிள்ளைகளுக்குச் செய்து காட்டலாம், ஆனால் பெயிண்ட்தான் நிற்கும். பலகையின் அடி விளிம்பு தரையிலிருந்து ஒரு சாண் இருந்தால் போதும், ஒன்றாம் வகுப்புக்கு எட்ட வேண்டுமே. அடியில் இரண்டு செங்கல் வையுங்கள், நழுவாமல் இருக்கப் பழைய சாக்கு.