பாஞ்சோ இல்லாவிட்டால் டோனி ரைஸ் ப்ளூகிராஸ்காரர் இல்லையா?

தந்திமீட்டி எழுதியது:

"பிடித்த கிதார் கலைஞர்" இழையில் பழையபாட்டு ஐயா நேற்று போட்டது இது: "டோனி ரைஸ் 1975 வரைதான் ப்ளூகிராஸ்காரர். அதற்குப் பிறகு வேறு ஏதோ வாசித்தார். மன்சனிட்டா தொகுப்பில் பாஞ்சோவே கிடையாது. பாஞ்சோ இல்லாதது ப்ளூகிராஸ் கிடையாது." அங்கே பதில் எழுதினால் இழை கெட்டுவிடும் என்பதால் தனியாக இங்கே தொடங்குகிறேன். புதியவர்களுக்கு: ப்ளூகிராஸ் அமெரிக்க நாட்டுப்புறத் தந்தியிசை; பாஞ்சோ அதில் வரும், தோல் போர்த்திய வட்ட உடல் கொண்ட தந்தி வாத்தியம்; டோனி ரைஸ் கிதார் கலைஞர், பாடகர்; மன்சனிட்டா அவருடைய தொகுப்பு.

ஐயா, அந்த மனிதர் 1951-இல் வர்ஜீனியாவின் டான்வில்லில் பிறந்தார். லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்தார். அப்பா வெல்டர், வேலை முடிந்தால் வீட்டில் பாட்டு. ஒன்பது வயதில் கிதார் கலைஞர் கிளாரன்ஸ் வைட்டின் கிதாரைத் தொட்டுப் பார்த்த பையன் அவர். 1970-இல் லூயிவில்லுக்குப் போய் ப்ளூகிராஸ் அலையன்ஸ் என்ற குழுவில் சேர்ந்தார், அடுத்த வருடம் பாஞ்சோக்காரர் ஜே. டி. க்ரோவின் குழு. வாழ்க்கை முழுக்க இந்த இசையிலேயே கிடந்தவரை, ஒரு தொகுப்பில் ஒரு வாத்தியம் இல்லை என்று வெளியே தள்ளுவது என்ன நியாயம்?

பழையபாட்டு எழுதியது:

அவர் எங்கே பிறந்தார் என்று நான் கேட்கவில்லை. மன்சனிட்டாவில் பாஞ்சோ இருக்கிறதா, இல்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

தந்திமீட்டி எழுதியது:

இல்லை. யார் இல்லை என்றது? 1979-இல் வந்த தொகுப்பு. ரிக்கி ஸ்காக்ஸ், சாம் புஷ், ஜெர்ரி டக்ளஸ், டேவிட் கிரிஸ்மன், டேரல் ஆங்கர், டாட் ஃபிலிப்ஸ். மேண்டலின், ஃபிடில் (வயலின்), டோப்ரோ (இரும்புத் துண்டை இழைத்து வாசிக்கும் கிதார்), பாஸ் எல்லாம் உண்டு, பாஞ்சோ மட்டும் இல்லை. அதில் "பிளாக்பெரி பிளாசம்" கேட்டிருக்கிறீர்களா? ஃபிடில்காரர்களின் பழைய மெட்டு. அதைக் கிதார் எடுத்துக்கொண்டு ஓடுகிறது. அத்தனை வேகத்திலும் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, மணி உதிர்வதுபோல விழுகிறது. பாஞ்சோ இருந்திருந்தால் அந்த இடைவெளி கிடைத்திருக்காது. அதனால்தான் வைக்கவில்லை என்பது என் கருத்து.

பழையபாட்டு எழுதியது:

இல்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். நன்றி. விஷயம் முடிந்தது.

தந்திமீட்டி எழுதியது:

எங்கே முடிந்தது? 1940 அக்டோபரில் அட்லாண்டாவில் பில் மன்ரோ தன் ப்ளூ கிராஸ் பாய்ஸ் குழுவுடன் முதல்முறையாக ஒலிப்பதிவு செய்தாரே, அதில் பாஞ்சோ எங்கே? கிடையாது. இந்த இசைக்குப் பெயர் கொடுத்த குழுவிலேயே கிடையாது! அப்படியானால் மன்ரோவையும் வெளியே அனுப்பிவிடலாமா?

பழையபாட்டு எழுதியது:

தம்பி, 1945 டிசம்பரில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் வந்து சேர்ந்த பிறகுதான் அது ப்ளூகிராஸ் ஆனது. மூன்று விரல் பாஞ்சோ, லெஸ்டர் ஃப்ளாட்டின் கிதார், மன்ரோவின் மேண்டலின். அதற்கு முன்னால் இருந்தது மாவு, பிறகு வந்ததுதான் தோசை. நான் இதைக் கேசட் காலத்திலிருந்து கேட்கிறேன். உங்களைப்போல யூடியூபில் நேற்றுப் பார்த்துவிட்டு வரவில்லை.

ஐந்துதந்தி எழுதியது:

நான் மூன்று வருடமாகப் பாஞ்சோ கற்றுக்கொள்கிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன்: பழையபாட்டு ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1975-இல் க்ரோவின் நியூ சவுத் குழு போட்ட தொகுப்பை எல்லோரும் அதன் எண்ணை வைத்து "0044" என்றே சொல்வார்கள். அதில் "ஓல்ட் ஹோம் பிளேஸ்" கேளுங்கள். டோனி ரைஸின் குரலைத் தூக்கி நிறுத்துவதே க்ரோவின் பாஞ்சோதான். அதை எடுத்துவிட்டால் பாதி உயிர் போய்விடும்.

தந்திமீட்டி எழுதியது:

0044-இல் பாஞ்சோ உயிர் என்பதை நான் மறுக்கவே இல்லையே. அந்த ஐந்து பேரை ஒரே அறையில் உட்கார வைத்ததே ஓர் அதிசயம்: க்ரோ, ரைஸ், ஸ்காக்ஸ், டக்ளஸ், பாபி ஸ்லோன். ஆனால் அதே 1975-இல்தான் ரைஸ் கிளம்பி கலிஃபோர்னியா போகிறார். ஏன் போனார்? பில் கீத்தின் ஒலிப்பதிவில் மேண்டலின்காரர் கிரிஸ்மனைச் சந்தித்தார். பில் கீத் யார்? பாஞ்சோக்காரர்! உங்கள் பாஞ்சோவே கதவைத் திறந்து அனுப்பி வைத்திருக்கிறது, பழையபாட்டு ஐயா.

அங்கே போய் கிதார் கலைஞர் ஜான் கார்லினியிடம் ஸ்வர அடுக்குகளை, ஜாஸ் இலக்கணத்தை முதலிலிருந்து உட்கார்ந்து படித்தார். அதற்குள் ஊரே கொண்டாடிய கிதார் கலைஞர் அவர். அந்த நிலையில் இன்னொருவர் முன்னால் மாணவனாக உட்கார எத்தனை பேருக்கு மனம் வரும்? 1977-இல் ரைஸும் வாசித்த கிரிஸ்மன் குவின்டெட் (ஐவர் குழு) தொகுப்பு வந்தது. இரண்டு வருடத்தில் மன்சனிட்டா. அங்கே கற்றதை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து பழைய பாட்டுகளையே வாசிக்கிறார். "நைன் பவுண்ட் ஹாமர்", "லிட்டில் சேடி" எல்லாம் யார் பாட்டு? ஜாஸா?

பழையபாட்டு எழுதியது:

பாஞ்சோ எங்கே?

மலைக்காற்று எழுதியது:

நான் பத்து வருடமாக வட கரோலினாவில் இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் வாத்தியத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், அவர் குரலைப் பற்றி யாருமே பேசவில்லை. 1994-இல் அந்தக் குரல் போனது. குரல்வளைத் தசைகள் இறுகிக்கொள்ளும் கோளாறு. அதற்குப் பிறகு இருபத்தாறு வருடம் உயிரோடு இருந்தார், மேடையில் பாடவே இல்லை. 2013-இல் ராலேயில் ப்ளூகிராஸ் ஹால் ஆஃப் ஃபேமில் (புகழ் மண்டபத்தில்) சேர்த்தபோது பேசினாரே, அந்தக் காணொளியைப் பாருங்கள். கரகரத்த குரலில் பேசிக்கொண்டே வருகிறார். நடுவில் மெல்ல நிறுத்தி, அடித்தொண்டையிலிருந்து எதையோ தேடி எடுப்பதுபோல எடுத்து, பழைய குரலில் சில வாக்கியங்கள் பேசுகிறார். என் மனைவிக்கு இந்த இசையே தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். ப்ளூகிராஸ் ஹால் ஆஃப் ஃபேம் என்றுதானே அதற்குப் பெயர்? பிறகு எதற்கு இந்தச் சண்டை?

பழையபாட்டு எழுதியது:

மலைக்காற்று, அந்தக் காணொளி எனக்கும் தெரியும், எனக்கும் தொண்டை அடைத்தது. மனிதர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் விருது கொடுத்தவர்கள் 0044-க்கும் ப்ளூகிராஸ் ஆல்பம் பேண்டுக்கும் கொடுத்தார்கள். மன்சனிட்டாவுக்கு இல்லை. அதில் பாஞ்சோ இல்லை.

தந்திமீட்டி எழுதியது:

எந்தத் தொகுப்புக்குக் கொடுத்தார்கள் என்று உங்களிடம் மட்டும் தனியாகச் சொன்னார்களா? வாழ்நாள் பணிக்குக் கொடுத்தது அது.

சரி, ப்ளூகிராஸ் ஆல்பம் பேண்டை நீங்களே இழுத்துவிட்டீர்கள், ரொம்ப நல்லது. 1981. ரைஸ், க்ரோ, டாயில் லாசன், பாபி ஹிக்ஸ், டாட் ஃபிலிப்ஸ். ஃப்ளாட், ஸ்க்ரக்ஸ், மன்ரோ காலத்துப் பாட்டுகளை முறை மாறாமல் பாடினார்கள். ஆறு தொகுப்புகள். 1975-ஓடு ப்ளூகிராஸை விட்டுவிட்டார் என்று எழுதிய அதே கையால் 1981-ஐ எப்படி எழுதினீர்கள்? 1983-க்கு "ஃபயர்பால்" என்ற கருவியிசைக்கு கிராமியும் வந்தது. அதில் க்ரோவின் பாஞ்சோவும் இருக்கிறது. போதுமா?

கேசட்பெட்டி எழுதியது:

இடையில் ஒன்று. ரைஸ் வாசித்த 1935 மார்ட்டின் டி-28 கிதார், வரிசை எண் 58957, கிளாரன்ஸ் வைட்டுடையது. 1975-இல் வெறும் 550 டாலருக்கு வாங்கினாராம். ஒரு மேதையின் கிதாரை இந்த விலைக்கு வாங்குவது ஏமாற்று இல்லையா?

தந்திமீட்டி எழுதியது:

ஏமாற்றா? வார்த்தையைப் பார்த்து எழுதுங்கள். கிளாரன்ஸ் 1960-களிலேயே அதைக் கைமாற்றிவிட்டார். 1973-இல் குடித்துவிட்டுக் கார் ஓட்டிய ஒருவர் மோதி அவர் இறந்தும் போனார். ரைஸ் தேடிப்பிடித்து வாங்கியபோது அது நொந்துபோன கிதார். நடுவில் உள்ள ஒலித்துளையைப் பெரிதாக்கி வைத்திருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், மற்ற மார்ட்டின்களில் துளையைச் சுற்றி அழகாக வளையம் இருக்கும். இதில் துளை அந்த வளையத்தைத் தின்றுகொண்டு விரிந்திருக்கும். அப்படிப்பட்டதை எடுத்துச் சரிபண்ணி நாற்பது வருடத்துக்கும் மேலாக வைத்திருந்தார். 1993-இல் ஃப்ளோரிடாவில் புயல் வெள்ளத்தில் மூழ்கியும் அதைக் காப்பாற்றினார். ஒன்பது வயதில் கையில் கிடைத்த கிதாரை இருபத்து நான்கு வயதில் தேடிப் போய் வாங்கியவரைப் போய் ஏமாற்றுக்காரர் என்கிறீர்களே.

கேசட்பெட்டி எழுதியது:

நான் ஏமாற்றுக்காரர் என்று சொல்லவில்லை, கேள்விதான் கேட்டேன். உங்களுக்குக் கேள்வி கேட்டாலே கோபம் வருகிறது. போன வருடம் லெஸ்டர் ஃப்ளாட் பற்றிய இழையிலும் இப்படித்தான், நான் எழுதிய ஒரு வரிக்குப் பதினொரு பதில் போட்டீர்கள். அதை நான் மறக்கவில்லை.

ஐந்துதந்தி எழுதியது:

அந்த இழையில் எனக்கும் இதுதான் நடந்தது. "பாஞ்சோ" என்று எழுதியதற்கு "பேஞ்சோ" என்று திருத்தினார் இதே தந்திமீட்டி. இன்று அவரே "பாஞ்சோ" என்று எழுதுகிறார்.

தந்திமீட்டி எழுதியது:

ஐந்துதந்தி, நான் அன்று சொன்னது உச்சரிப்பு பற்றி, எழுத்து பற்றி இல்லை. பழைய பக்கத்தைத் திறந்து பாருங்கள். கேசட்பெட்டி, பதினொன்று இல்லை, எட்டு. எட்டும் தேவைப்பட்டது. ஃப்ளாட்டின் ஜி ரன்னை (வரி முடிவில் கிதாரில் வாசிக்கும் சிறு சுரத்தொடரை) "சும்மா ஒரு முடிப்பு" என்று எழுதியது நீங்கள்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். 1983-இல் வந்த "சர்ச் ஸ்ட்ரீட் ப்ளூஸ்" தொகுப்பில் ஒரு குரல், ஒரு கிதார், சில பாட்டுகளில் தம்பி வயட்டின் கிதார், அவ்வளவுதான். ஃபிடிலும் கிடையாது, பாஸும் கிடையாது. அந்த முதல் பாட்டை நான் ஆறு மாதமாக முயற்சி செய்கிறேன். வலது கையில் ஒற்றை பிக் (தந்தியை மீட்டும் சில்லு) மூன்று தந்திகளின் மேல் கீழும் மேலுமாக நிற்காமல் போய்வர வேண்டும், அதற்கு நடுவில் மெட்டு தனியாகத் தெரிய வேண்டும். என் மணிக்கட்டு இரண்டாவது நிமிடத்திலேயே இறுகிவிடுகிறது. அவர் அதை வாசித்துக்கொண்டே, பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் பேசுவதுபோலப் பாடுகிறார். இந்த ஒரு தொகுப்பை வைத்து எத்தனை பேர் கிதார் கற்றிருப்பார்கள்! இதையும் ப்ளூகிராஸ் இல்லை என்பீர்களா?

பழையபாட்டு எழுதியது:

என்பேன். நல்ல இசை, மிக நல்ல இசை. ப்ளூகிராஸ் இல்லை. தவில் இல்லாமல் நாதஸ்வரம் வாசித்தால் நன்றாக இருக்கலாம், கல்யாணத்துக்கு ஆகாது.

மலைக்காற்று எழுதியது:

ஐயா, யார் இங்கே கல்யாணம் பண்ணுகிறார்கள்?

எது இருந்தால் ஒரு பாட்டு ப்ளூகிராஸ் ஆகும் என்று இரண்டு பேருமே இதுவரை தெளிவாகச் சொல்லவில்லை. அதை முதலில் சொல்லிவிட்டுச் சண்டை போடலாமே.

பழையபாட்டு எழுதியது:

நான் சொல்லிவிட்டேன். பாஞ்சோ.

தந்திமீட்டி எழுதியது:

கேட்டால் தெரியும். அதற்கு இலக்கணம் வேறு வேண்டுமா?

மலைக்காற்று, குரலைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு நான் பதில் சொல்லவில்லை என்று நினைக்காதீர்கள். குரல் போன பிறகு அவர் நின்றுவிடவில்லை என்பதுதான் எனக்குப் பெரிது. ஆல்பம் பேண்டின் ஆறாவது தொகுப்பு 1996-இல் வந்தது, முழுக்கக் கருவியிசை. பாட முடியாதவர் கிதாரை வைத்தே பேசினார். பிறகு கையிலும் மூட்டு வலி வந்தது. 2020 கிறிஸ்துமஸ் அன்று ரீட்ஸ்வில் வீட்டில் இறந்தார். அன்று காலை முழுக்க நான் மன்சனிட்டாவைத்தான் கேட்டேன். அது ப்ளூகிராஸ் இல்லை என்று ஒருவர் சொன்னால் என்னால் சும்மா இருக்க முடியாது.

பழையபாட்டு எழுதியது:

நானும் அன்று கேட்டேன். 0044. பாஞ்சோவோடு.

ஐந்துதந்தி எழுதியது:

நானும் 0044-தான்.

தந்திமீட்டி எழுதியது:

அப்படியானால் மன்சனிட்டாவில் உள்ள "ஹோல்ட் வாட்சா காட்" யாருடைய பாட்டு? பழைய ப்ளூகிராஸ் பாடகர் ஜிம்மி மார்ட்டினுடையது. மார்ட்டின் குழுவில் 1950-களில் பாஞ்சோ வாசித்தவர் யார்? உங்கள் க்ரோ! க்ரோவின் முதலாளி பாடிய பாட்டை க்ரோவின் சீடர் பாடினால் அது ப்ளூகிராஸ் இல்லையாம். இதற்குப் பதில் சொல்லுங்கள்.

பழையபாட்டு எழுதியது:

மார்ட்டின் பாடியபோது பாஞ்சோ இருந்தது. ரைஸ் பாடியபோது எங்கே?

தந்திமீட்டி எழுதியது:

1940, அட்லாண்டா. நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

பழையபாட்டு எழுதியது:

வந்துவிட்டது. மாவு, தோசை. மேலே போய்ப் படியுங்கள்.

கேசட்பெட்டி எழுதியது:

பதினொரு பதில்தான். இப்போதுதான் எண்ணிப் பார்த்தேன்.

தந்திமீட்டி எழுதியது:

அதில் மூன்று, எழுத்துப் பிழையைத் திருத்தி மறுபடி போட்டவை. எட்டுதான்.