நாலு பிடிஎஃப்பில் பக்கம் பொறுக்கி ஒன்றாக்கிய கதை: உங்களுக்கு எப்படிப் போனது?

தங்கச்சிமடத்தில் இருந்து:

ஏப்ரல் 15-இல் விசைப்படகுகள் நின்றால் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். வெளியூர்க்காரர்கள் அதை ஓய்வுக்காலம் என்று நினைக்கிறார்கள். படகைக் கரையேற்றி, பலகை மாற்றி, பெயிண்ட் அடித்து, இன்ஜினைப் பிரித்துப் பூட்டுவது எல்லாம் அந்த நாட்களில்தான். செலவு மட்டும் உண்டு, வரவு கிடையாது. இந்த வருடம் என் மச்சானுக்காக வீட்டுப் பத்திரத்தை வைத்து ஒரு கடன் கேட்கப் போனோம். வங்கி அதிகாரி சொன்னது இவ்வளவுதான்: "எல்லாத்தையும் கொண்டு வந்து கொட்டாதீங்க. கேட்ட பக்கத்தை மட்டும் ஒரே பிடிஎஃப்பா அனுப்புங்க, 5 எம்பிக்குள்ள."

கையில் இருந்தது நாலு கோப்பு. பத்திர ஸ்கேன் 18 பக்கம். வில்லங்கச் சான்று 11 பக்கம். படகுக் காப்பீட்டுப் பாலிசி முப்பது பக்கத்துக்கு மேல்; அதில் படகு விவரம் உள்ள முதல் 2 பக்கம் போதும், மற்றதெல்லாம் யாரும் படிக்காத நிபந்தனைகள். பட்டா ஒரே பக்கம். "அரை மணி நேர வேலை மச்சான், நீ போய் பெயிண்ட் வேலையைப் பாரு" என்று அனுப்பிவிட்டேன்.

இணையத்தில் தேடினால் இலவசமாகச் சேர்த்துத் தரும் தளங்கள் வரிசையாக வருகின்றன. ஒன்றில் பத்திரத்தை ஏற்றப் போனவன் நிறுத்திவிட்டேன். கைரேகை, கையெழுத்து, ஆதார் எண் எல்லாம் அதில் இருக்கிறது. எந்த ஊர் சர்வரில் போய் உட்காருமோ. அப்புறம் பிடிஎஃப்சாம் பேசிக் என்ற இலவச மென்பொருளைக் கணினியிலேயே இறக்கிக்கொண்டேன். கோப்புகளை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே பக்க எண்ணை எழுதினால் போதும். 1-2 என்றால் முதல் இரண்டு, நடுவில் காற்புள்ளி வைத்துத் தனிப் பக்கத்தையும் சேர்க்கலாம். கோப்பு வீட்டை விட்டு வெளியே போவதில்லை.

வினை வந்தது பத்திரத்தில். சொத்து விவரம் உள்ள தாளில் 7 என்று அச்சாகியிருந்தது. நானும் 7 என்று போட்டேன். மறுநாள் வங்கியில் இருந்து போன்: "சார், இதுல சக்குபந்தி, நாலு எல்லை விவரம், எங்கே? யாரு யாருக்கு வித்தாங்கங்கிற கதைதான் இருக்கு." எடுத்துப் பார்த்தால் அவர் சொல்வது சரி. 9 தாளையும் முன்னும் பின்னுமாக ஸ்கேன் செய்திருக்கிறார்கள், பின்பக்கத்துப் பதிவு முத்திரைகளுக்காக. தாளின் முன்பக்கத்தில்தான் எண் உண்டு. ஆக 7-ஆம் தாள் கோப்பில் 13-ஆம் பக்கம்! மென்பொருளுக்குத் தாளில் அச்சிட்ட எண் தெரியாது. அது கோப்பின் தொடக்கத்தில் இருந்து எண்ணிக்கொண்டு போகும்.

அதைத் திருத்தி அனுப்பினால் அடுத்த போன். வில்லங்கச் சான்றின் டிஜிட்டல் கையொப்பம் சரிபார்க்க வரவில்லையாம். பக்கத்தைப் பிரித்து வேறு கோப்பில் வைத்ததும் கையொப்பம் போய்விட்டது. மூலக் கோப்பை அப்படியே தனியாகவும் அனுப்பிய பிறகே வாங்கிக்கொண்டார்கள். அரை மணி நேரம் என்று சொன்னதற்கு மச்சான் இன்னும் கேலி பேசுகிறார். உங்களுக்கெல்லாம் எப்படி?

கீழக்கரையில் இருந்து:

காக்கா, எனக்கும் இதே கதை, ஆனால் வேறு பக்கம் இடித்துக்கொண்டேன். மகன் துபாயில் இருக்கிறான். விசா வேலைக்குப் பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், ஆதார், படிப்புச் சான்று எல்லாம் ஒரே கோப்பாக வேண்டும் என்று இஷா தொழுகைக்குப் பிறகு போன் பண்ணுகிறான். அங்கே மணி நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், இங்கே நேரமானது அவனுக்குத் தெரியாது.

மற்றதெல்லாம் சேர்ந்தன, இ-ஆதார் மட்டும் சேரவே இல்லை. கோப்பு கெட்டுவிட்டது என்று மறுபடி மறுபடி இறக்கினேன். கெட்டதெல்லாம் இல்லை, கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருக்கிறது. ஆங்கிலப் பெயரின் முதல் 4 எழுத்து பெரிய எழுத்தில், அதோடு பிறந்த வருடம், மொத்தம் 8. அதைப் போட்டுக் குரோமில் திறந்து, அச்சிடு என்பதில் போய், பிரிண்டருக்குப் பதிலாகப் பிடிஎஃப் ஆகச் சேமி என்று கொடுத்தேன். பூட்டு இல்லாத நகல் வந்தது, சேர்ந்துகொண்டது. நீங்கள் சொன்ன கையொப்பம் இதிலும் போய்விடும். அங்கே கேட்டது படத்துக்காக என்பதால் தப்பித்தேன். கொடுத்ததுகூட எண்ணின் முதல் 8 இலக்கம் மறைத்த ஆதார்தான். முழு எண்ணை எதற்கு ஊர் ஊராக அனுப்ப வேண்டும்?

ஏர்வாடி, ஜெராக்ஸ் கடை:

தம்பி, இதைத் தினம் பார்க்கிறவன் நான். சேர்ப்பது ஒரு நிமிடம். எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கத்தான் ஒரு மணி நேரம். ஸ்கேன்001, ஸ்கேன்002 என்று பத்துக் கோப்பு கொண்டு வருவார்கள், எது என்ன என்று அவர்களுக்கே தெரியாது. நான் முதலில் ஒவ்வொன்றையும் திறந்து, 01 பத்திரம், 02 பட்டா என்று பெயர் மாற்றிவிடுவேன். 01 என்று பூச்சியம் போடுவது முக்கியம். வெறும் 1, 2, 10 என்று வைத்தால் சில மென்பொருள் 10-ஐ 2-க்கு முன்னால் கொண்டுபோய் வைக்கும். துண்டுச் சீட்டில் கோப்பு, பக்கம் என்று எழுதி வைத்துக்கொண்டு அதைப் பார்த்துத்தான் அடிப்பேன்.

இன்னொன்று, அளவு. 18 எம்பி வந்துவிட்டது என்று அதைப் போட்டு நசுக்குவார்கள், முத்திரை கரைந்து சாம்பார் ஆகிவிடும். அதற்குப் பதில், வண்ணத்தில் 600 டிபிஐ-இல் (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) எடுத்த பக்கத்தை மட்டும் 200 டிபிஐ, சாம்பல் நிறத்தில் திரும்ப ஸ்கேன் செய்தால் படிக்கவும் நன்றாக இருக்கும், அளவும் விழும்.

கடையில் கொடுத்துச் செய்துகொள்கிறவர்களுக்கும் சொல்கிறேன். வேலை முடிந்ததும் உங்கள் கோப்பை உங்கள் கண் முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள். குப்பைத்தொட்டியில் இருந்தும். நான் இரவு ஷட்டரை இறக்கும் முன் டவுன்லோட்ஸ் முழுவதையும் துடைத்துவிடுவேன். எல்லாக் கடையிலும் அப்படி என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

தொண்டியில் இருந்து, கடல்சார் படிப்பு மாணவர்:

அண்ணே, ஒரு சந்தேகம் உங்களுக்கு வந்திருக்கும். முப்பது பக்கக் கோப்பில் ஒரே ஒரு பக்கத்தை எடுத்தாலும் சில நேரம் அளவு குறையாமல் கிட்டத்தட்ட முழுக் கோப்பு அளவே இருக்கும். மன்னார் வளைகுடா தீவுகள் பற்றிய மூன்று அறிக்கைகளில் இருந்து வரைபடப் பக்கங்களை மட்டும் பொறுக்கியபோது நான் மாட்டிக்கொண்டது இதில்தான்.

பிடிஎஃப் என்பது ஒட்டிய புத்தகம் மாதிரி இல்லை. 1993-இல் அடோபி வெளியிட்ட நாளில் இருந்தே உள்ளே பக்கங்கள், எழுத்துருக்கள், படங்கள் தனித்தனிப் பொருட்களாக இருக்கும். எது எங்கே என்று ஓர் அட்டவணை இருக்கும். பக்கத்தை எடுக்கும் மென்பொருள் அந்தப் பக்கம் சுட்டிக்காட்டும் பொருட்களையும் சேர்த்து எடுத்துப் புது அட்டவணை போடும். சில கோப்புகளில் எல்லாப் பக்கத்துக்கும் பொதுவாக ஒரே பெரிய மூட்டை கட்டியிருப்பார்கள். ஒரு பக்கத்தை இழுத்தால் மூட்டை முழுக்க வந்துவிடும். கையொப்பம் செல்லாமல் போனதும் இப்படிப் புதுக் கோப்பு ஆவதால்தான். கையொப்பம் இடும்போது அந்தக் கோப்பின் பைட்டுகளுக்குத்தான், அதாவது உள்ளே இருக்கும் தரவுக்குத்தான் இடுகிறார்கள், தாளுக்கு அல்ல. வேறு கோப்பு என்றால் வேறு பைட்டுகள்.

நான் க்யூபிடிஎஃப் என்ற இலவசக் கருவியில் செய்கிறேன். கறுப்புத் திரையில் தட்டச்சு செய்ய வேண்டும், அதனால் எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். எங்கள் மேடத்திடம் மேக் கணினி இருக்கிறது. அவர் அதோடு வரும் பிரிவியூ மென்பொருளில் இரண்டு கோப்பைத் திறந்து, ஓரத்தில் தெரியும் சிறு பக்கங்களை ஒன்றில் இருந்து இன்னொன்றுக்கு இழுத்துப் போட்டு முடித்துவிடுகிறார். கீழக்கரை காக்கா சொன்ன அச்சிடும் வழியும் நல்லதுதான், ஆனால் அதில் இணைப்புகளும் புத்தகக்குறிகளும் போய்விடும். ஆய்வேட்டுக்கு அது ஆகாது.

மறுபடி தங்கச்சிமடம்:

ஏர்வாடி அண்ணன் சொன்னபடி அந்தப் பத்திரத்தில் வேண்டிய மூன்று பக்கத்தைச் சாம்பல் நிறத்தில் திரும்ப எடுத்தேன். மொத்தக் கோப்பும் 1.6 எம்பி. முத்திரை தெளிவாகத் தெரிகிறது. இந்த முறை அனுப்பும் முன் மச்சானை உட்கார வைத்து ஒவ்வொரு பக்கமாகக் காட்டினேன். கிழக்கே பொதுப்பாதை, தெற்கே தென்னந்தோப்பு என்று அவரே வாய்விட்டு வாசித்தார். பட்டா மட்டும் தலைகீழாக நின்றது. திருப்பி வைத்து அனுப்பியாகிவிட்டது. பதிலுக்குக் காத்திருக்கிறோம், படகுக்கு ஒரு பக்கம்தான் பெயிண்ட் அடித்திருக்கிறது.