கோய் தொட்டி டிரம் ஃபில்டர்: உள்ளே என்ன போடறது?

நீலடிரம்:
10க்கு 5 அடி, 3 அடி ஆழம், சிமெண்ட் தொட்டி. சுமார் 4,200 லிட்டர். போர் தண்ணி, பிஎச் 8. கோய் (அலங்காரக் கெண்டை மீன்) 8 இருக்கு, எல்லாம் 8 இன்ச்சுக்கு மேல. 200 லிட்டர் டிரம்ல லாவா கல் 30 கிலோ போட்டு ரெண்டு மாசமா ஓடுது. தண்ணி இன்னும் பச்சை, அம்மோனியா 1 பிபிஎம் (லிட்டருக்கு 1 மில்லிகிராம்). கடையில செராமிக் ரிங், கார்பன், ஜியோலைட் மூணையும் வாங்கச் சொல்றாங்க. எது அவசியம்?

குளத்தங்கரை:
மூணுமே வேண்டாம் சார். முதல்ல மீனைக் காப்பாத்துங்க. பிஎச் 8, 30 டிகிரி வெயில்ல மொத்த அம்மோனியால 7 சதவீதத்துக்கு மேல விஷமா மாறும். பிஎச் 7ல அது 1 சதவீதம்கூட இல்லை. இன்னைக்கே கால்வாசி தண்ணி மாத்துங்க, ரெண்டு நாள் தீனி நிறுத்துங்க.

கோளாறு லாவா கல்லுல இல்லை, அதுக்கு முன்னாடி கழிவைப் பிடிக்க எதுவும் இல்லாததுதான். கல் இடுக்குல மீன் கழிவு சேறா அடைஞ்சிடும், அம்மோனியாவைத் தின்னு தீர்க்கற பாக்டீரியாவுக்கு ஆக்ஸிஜன் போகாது. 30 கிலோவைத் தூக்கி அலசவும் முடியாது. டிரம் அடியில கை விட்டா கருப்புச் சேறும் அழுகின முட்டை நாத்தமும் வந்தா அதேதான். லாவா கல்லை கேனிஸ்டர்ல (மூடின டப்பா ஃபில்டர்) ஸ்பாஞ்சுக்கு அப்புறம் வைங்க, அருமையா வேலை செய்யும்.

ரெண்டு டிரம் வைங்க. முதல் டிரம்ல பிரஷ், அடுத்து முரட்டு ஸ்பாஞ்ச், அடியில கழிவு வால்வு. ரெண்டாவதுல கே1 மீடியா (பாக்டீரியா குடியிருக்க, காத்துல சுழலற சின்ன பிளாஸ்டிக் உருளைகள்) 80 லிட்டர், நிமிஷத்துக்கு 60 லிட்டர் ஏர் பம்ப். அவுட்லெட் குழாயில 5 மிமீ துளை நிறையப் போடுங்க. துளை குறைஞ்சா மீடியா ஒட்டி அடைச்சு டிரம் பொங்கும், தொட்டி காலியாகும்.

பாசிக்கல்:
ஜியோலைட்டைப் பத்தி ஒண்ணு சேர்க்கறேன். அது அம்மோனியாவை உறிஞ்சும், ஆனா வியாதிக்குன்னு தொட்டியில உப்புப் போட்டீங்கன்னா பிடிச்சதையெல்லாம் திருப்பி விட்டுடும். கோய் வளர்க்கறவங்க உப்புப் போடாம இருக்கறது அபூர்வம். கார்பன் மருந்து போட்டு முடிச்ச பிறகு தண்ணியைச் சுத்தம் பண்ண ஒரு வாரம் போதும்.

பச்சைத் தண்ணிக்கு எந்த மீடியாவும் உதவாது. ஒத்தைச் செல் பாசி ஸ்பாஞ்ச்ல நிக்காம போயிடும். யூவி விளக்குதான் வழி, அதுவும் பிரஷ், ஸ்பாஞ்சுக்கு அப்புறம். முன்னாடி வச்சா கண்ணாடிக் குழாய்ல அழுக்கு படிஞ்சு வெளிச்சம் போகாது.

நீலடிரம்:
நன்றி. கே1 விலை எட்டலை. பாத்திரம் தேய்க்கற பிளாஸ்டிக் நார் போடலாமா? சுத்தம் எத்தனை நாளைக்கு ஒருக்கா?

குளத்தங்கரை:
தாராளமா. சோப்பு தடவாதது, கம்பி கலக்காதது பார்த்து வாங்குங்க. ஆனா அது சுழலாது, அதனால காத்து அடியில இருந்து வரணும், டிரம்ல முக்கால் பங்குக்கு மேல அடைக்காதீங்க. முதல் டிரம் வால்வை வாரம் ஒருமுறை திறங்க, ஸ்பாஞ்சை தொட்டித் தண்ணியிலயே பிழியுங்க. ரெண்டாவதைத் தொடாதீங்க.

கே1 பிறகு வாங்கினா, புது வெள்ளை உருளைகள் மேலயே மிதக்கும். நாலஞ்சு வாரத்துல உள்பக்க மடிப்புல பழுப்புப் படலம் பிடிச்ச பிறகுதான் நல்லாப் புரளும். பழைய ஃபில்டர் நார் கொஞ்சம் கலந்தா சீக்கிரம் பிடிக்கும்.

கரண்ட் மூணு நாலு மணி நேரம் போச்சுன்னா மோட்டார் போடறதுக்கு முன்னாடி ரெண்டு டிரம் தண்ணியையும் கொட்டிடுங்க. காத்தில்லாம செத்த பாக்டீரியா நேரா மீன்கிட்ட போயிடும்.