அடிபம்புச் சத்தமும் ஒரு பேய் நாவலும்

சென்னையில் பேய் பயம் வந்த இடத்தைச் சொல்லச் சொன்ன இந்தத் திரியில் மேலே எழுதியவர்கள் எல்லாம் ஆழ்வார்பேட்டைப் பாழடைந்த பங்களா, பெசன்ட் நகர் உடைந்த பாலம் என்று சொல்லியிருக்கிறீர்கள். அங்கெல்லாம் ராத்திரியில் நான் போனதில்லை. எனக்கு நடந்தது திருவல்லிக்கேணியில், எங்கள் ஒண்டுக்குடித்தன வீட்டு முற்றத்தில். இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததை இப்போது எழுத வைத்தது போன வாரம் கைக்கு வந்த ஒரு பேய் நாவல்தான்.

நான் வீட்டிலிருந்தே புரூஃப் பார்க்கிறவள், அச்சுக்குப் போகும் புத்தகங்களில் பிழை திருத்துகிற வேலை. வந்தது 15 ஃபாரம், ஃபாரத்துக்குப் பதினாறாக 240 பக்கம். எழுதிய தம்பிக்கு இது முதல் நாவல். இன்னும் அச்சுக்குப் போகாததால் பெயர் வேண்டாம், கதையைச் சொல்லலாமா என்று கேட்டேன், "தாராளமா சொல்லுங்கக்கா" என்றார்.

பழைய வீட்டில் ஒரு போர்ஷனுக்குக் குடிவருகிறாள் ஒரு பெண். தினமும் விடியற்காலை நாலு மணிக்கு முற்றத்தில் யாரோ அடிபம்பு அடிக்கிற சத்தம். ஆனால் அந்த வீட்டில் சம்ப் கட்டும்போதே பம்பைப் பிடுங்கிவிட்டார்கள், அது இருந்த இடத்தில் சிமென்ட் பூசிய ஒரு வட்டம்தான் இருக்கிறது. முதல் 90 பக்கத்துக்கு இவ்வளவுதான் கதை. வெள்ளைப் புடவை இல்லை, கொலுசு இல்லை, நாய் ஊளையிடவில்லை. ஆனாலும் நான் இரண்டு முறை எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்தேன்.

சென்னையில் பழைய வீட்டில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், மெட்ரோ தண்ணீர் எந்த நேரத்தில் வரும் என்பது வீட்டுப் பெண்களின் உடம்புக்குள்ளேயே இருக்கும். என் அம்மா அலாரம் வைத்ததே இல்லை. 2003-லும் 2004-லும் ஊரே லாரித் தண்ணீரில் ஓடியபோது பம்பில் வெறும் காற்றுதான் வந்தது, அப்போதும் எழுந்து போய் நாலு அடி அடித்துப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாள். எங்கள் பம்பில் வாஷர் தேய்ந்துபோயிருந்தது. கைப்பிடி கீழே போகும்போது க்ரீச், மேலே வரும்போது டொக். அம்மா அடித்தால் மட்டும் இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி விழும், வலது தோளில் அவளுக்கு வலி.

2011-ல் அம்மா போய்விட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் கிளம்பிய அன்றைக்கு, விடிய இன்னும் நேரம் இருக்கிறது, க்ரீச் என்று கேட்டது. இடைவெளி. டொக். நான் முழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். பயமாகத்தான் இருந்தது, ஆனால் அம்மாவை நினைத்து இல்லை, நான் எழுந்து போனால் சத்தம் நின்றுவிடுமே என்றுதான் பயம். அப்படியே அசையாமல் கிடந்தேன். விடிந்ததும் போய்ப் பார்த்தால் கைப்பிடி ஈரமாக இருந்தது. பக்கத்துப் போர்ஷனில் இருந்தவர்கள் அந்த வாரம் ஊரில் இல்லை, மழையும் பெய்யவில்லை. இதற்கு மேல் கூட்டிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

அதனால்தான் 41-ம் பக்கம் என்னை உலுக்கிவிட்டது. அந்தப் பெண் ஒருநாள் ராத்திரி படுக்கப் போகுமுன் ஒரு பிளாஸ்டிக் குடத்தை எடுத்துப்போய் அந்தச் சிமென்ட் வட்டத்தின்மேல் வைக்கிறாள். காலையில் கதவைத் திறக்கிறாள், குடத்தைப் பார்க்கிறாள், அத்தோடு அத்தியாயம் முடிகிறது. குடத்தில் தண்ணீர் இருந்ததா இல்லையா என்று தம்பி எழுதவில்லை. இருபத்தைந்து, இருபத்தாறு வயதில் இப்படி நிறுத்தத் தெரிந்தது பெரிய விஷயம். பேய்க்கு ஒரு தேவை இருக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. கலிங்கத்துப்பரணியிலேயே பேய்களுக்குப் பசி, காளியிடம் போய் முறையிடும், கடைசியில் போர்க்களத்தில் கூழ் காய்ச்சிக் குடிக்கும். இந்த நாவலின் பேய்க்குத் தண்ணீர் பிடித்தாக வேண்டும். பழிவாங்குவதை விட இது எவ்வளவு பலமானது!

சரி, குறைக்கு வருகிறேன். 97-ம் பக்கத்தில் கேரளாவிலிருந்து மந்திரவாதி வருகிறார். எலுமிச்சம்பழம், குங்குமம், உடுக்கை எல்லாம் வருகிறது. திருவல்லிக்கேணியில் எங்கள் தெருவில் குழந்தை பயந்துகொண்டால் எந்த மதமானாலும் தூக்கிக்கொண்டு பள்ளிவாசல் வாசலில் போய் நிற்போம், தொழுகை முடிந்து வருகிறவர்கள் ஓதி ஊதிவிடுவார்கள். இவ்வளவு பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டு எதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டும்? அடுத்து இருபது பக்கம் ஃபிளாஷ்பேக், பேயை யார் கொன்றது, ஏன் கொன்றது என்று ஒன்று விடாமல். முற்றத்தைத் தாண்டி வராது என்று தம்பியே சொன்ன பேய் கடைசியில் ஈசிஆர் ரோட்டில் வில்லன் காரின் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறது. தான் போட்ட கட்டை ஆசிரியரே அவிழ்த்துவிட்டால் நான் எதற்குப் பயப்படுவது? எல்லாவற்றையும் விட எனக்கு வலித்தது 203-ம் பக்கத்தில் ஒரே ஒரு வரி. அன்றைக்குக் குடம் நிரம்பியிருந்தது என்று போட்டு உடைத்துவிட்டார்.

நாவல் எழுதிய தம்பிக்குப் போன் செய்து மனதில் இருந்ததை எல்லாம் சொன்னேன். பதிப்பகத்தில் கிளைமாக்ஸ் கேட்கிறார்களாம், மந்திரவாதியை எடுக்க முடியாதாம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "குடத்து வரியை மட்டும் எடுத்துடறேன்கா" என்றார். எனக்கு அதுவே போதும்.

* * *

அக்கா, நீங்கள் மேலே எழுதியதைப் படித்தேன். நான் வேளச்சேரியில் ரூம் எடுத்துத் தங்கி நைட் ஷிஃப்ட் பார்க்கிறவன். எனக்கு வந்தது அமுக்குவான் பேய். பகலில் மல்லாந்து படுத்துத் தூங்குகிறேன், முழிப்பு வருகிறது, ஃபேன் சுற்றுவது தெரிகிறது, நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்திருக்கிற கனம், சுண்டுவிரலைக்கூட அசைக்க முடியவில்லை. டாக்டர் விளக்கினார், கனவு வரும் தூக்கத்தில் உடம்பின் தசைகள் தளர்ந்து கட்டுண்ட மாதிரி இருக்குமாம், அந்தக் கட்டு விலகுவதற்கு முன்னால் மூளை முழித்துக்கொண்டால் இப்படி ஆகுமாம், தூக்கம் கெட்டவர்களுக்கு அதிகம் வருமாம். காரணம் தெரிந்த பிறகும் அடுத்த தடவை வந்தபோது பயம் ஒரு துளி குறையவில்லை. பேய்க்கதைகளில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான், பேயைப் பார்த்ததும் எல்லாரும் வீல் என்று கத்துகிறார்கள். கத்த வராது அக்கா. வாயைத் திறந்தாலும் சத்தம் வராது, அதுதான் அதில் இருக்கிற பயமே.

* * *

வேளச்சேரித் தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் புரூஃப் கட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 78-ம் பக்கத்தில் அந்தப் பெண் முற்றத்தில் நின்றுகொண்டு அலறுகிறாள், தெரு முழுக்க விளக்குப் போடுகிறது. நான் அதில் ஒரு ஒற்றுப்பிழையைத் திருத்திவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறேன். அச்சுக்குப் போக இன்னும் நாலு நாள் இருக்கிறது. இன்றைக்கு ராத்திரியே நாவல் எழுதியவருக்குப் போன் செய்கிறேன்.